தீப்பெட்டி லயத்தில் ஒரு யுத்தம்

எங்கள் சம்பந்தி எங்கள் வீட்டுக்கு வரும்போது தேத்தண்ணியைத் தன் வீட்டிலிருந்தே பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு வருவார். சுற்றிலும் தேயிலை மலை. அதற்கு நடுவில் இருக்கிற ஒரு லயத்து வீட்டுக்கு, கொட்டகலையிலிருந்து பஸ் ஏறி, பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு வருவார். பேத்திக்கு பிஸ்கட் கொடுப்பார், கொஞ்சுவார், வாசல் இஸ்தோப்பில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தன் தேத்தண்ணியைத் தானே ஊற்றிக் குடிப்பார். எங்கள் வீட்டுத் தண்ணீர்கூட அவர் தொண்டையில் இறங்கி இரண்டு வருடமாகியிருந்தது.

எல்லாம் என் மகள் கல்யாணத்தில் நடந்த கூத்து. அவர் அவளுக்கு மாமனார், மாப்பிள்ளையைப் பெற்றவர். அவருடைய அக்காமாரை ஏற்றிக்கொண்டு வந்த வேன் மூடுபனியில் பிந்திவிட்டது. தாலி கட்டி முடிந்து, இரண்டு பந்தி எழும்பி, அவர்களுக்காகக் காத்திருந்து மூன்றாவது பந்தியில்தான் அவர் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்துப் பாயாசம் தீர்ந்துபோனது. பரிமாறப் போன எங்கள் பக்கத்துப் பையன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாம். "பாயாசம் முடிஞ்சிருச்சுங்க, தண்ணி ஊத்தட்டுமா" என்று கேட்டிருக்கிறான். சம்பந்தி இலையை மடித்துவிட்டு எழும்பினார்.

"இந்த வீட்டுல இனிமே கை நனைக்க மாட்டேன்."

கையெடுத்துக் கும்பிட்டோம். என் வீட்டுக்காரர் காலில் விழவும் போனார். மனுஷன் அசையவில்லை. கோபக்காரர் என்றும் சொல்ல முடியாது. என் மகளைத் தன் மகள் மாதிரி வைத்திருக்கிறார். சொன்ன சொல்லை எப்படித் திருப்பி எடுப்பது என்று தெரியாத மனுஷன், அவ்வளவுதான்.

அடுத்த மாதம் பேத்திக்குக் காதுகுத்து. தோட்டத்து முருகன் கோயிலில் குத்தி, எங்கள் வீட்டில் சாப்பாடு. மகள் ஒவ்வொரு நாளும் போன் எடுத்து அதையே சொல்லுவாள்.

"அம்மா, அன்னிக்கும் மாமா பிளாஸ்கோட வந்து ஒக்காந்தா, நான் மூஞ்சிய எங்க கொண்டு போய் வச்சுக்கிறது? ஊரே பாக்குமே."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இதற்கெல்லாம் யோசனை சொல்லத் தெரியாது. வெள்ளிக்கிழமை தவறாமல் முருகனுக்கு விளக்கு வைத்து, "அப்பனே, அந்த மனுஷன் ஒரு வாய் சாப்பிட்டாப் போதும்" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மகள், மருமகன், பேத்தி, சம்பந்தி என்று நான்கு பேரும் வந்தார்கள். வந்ததும் மகளும் மருமகனும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, காதுகுத்துக்கு நேரம் கேட்கக் கோயில் ஐயரைப் பார்க்கப் போனார்கள். அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. சும்மா மழை இல்லை, எதிர் மலையே காணாமல் போகிற மழை. பதினொரு மணி பஸ்ஸுக்குத் திரும்ப இருந்த சம்பந்தி, டிப்போவில் பழகின ஆளுக்குப் போன் போட்டார். முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர் அவர்.

"வளைவுல மண்ணு சரிஞ்சு கெடக்காம். நாலு மணிக்கு அப்புறந்தான் பஸ்ஸாம்" என்றார்.

இஸ்தோப்பில் தூவானம் அடித்ததால் உள்ளே வந்து உட்கார்ந்தார். வீட்டில் அவரும் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும். என்ன பேசுவது? மழையைப் பற்றிப் பேசினோம். பிறகு மழை விடாததைப் பற்றிப் பேசினோம். பன்னிரண்டு மணிக்கு அவர் பிளாஸ்கைக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழுந்தது.

"சம்மந்தி, ஒரு பிளேன்டி மட்டும்..." என்று மெதுவாகக் கேட்டேன்.

"வேணாங்கம்மா. வயிறு நெறஞ்சு கெடக்கு."

அந்த நேரம் அவர் வயிறு கத்திய சத்தம், தகரத்தில் மழை விழுகிற சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. மூன்று பேரும் கேட்காத மாதிரி இருந்துகொண்டோம்.

அந்தச் சங்கடத்தில்தான் என் வீட்டுக்காரர் மருமகன் கொண்டுவந்திருந்த பெட்டியைத் திறந்தார். மருமகன் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. லீவு நாட்களில் சிநேகிதர்களோடு யுத்த விளையாட்டு விளையாடுவானாம். பழைய சாமான் விற்கிற இடத்தில் வாங்கின பெட்டி அது. உள்ளே மடித்து வைத்த பெரிய படம் ஒன்று. பச்சை மலை, ஆறு, ரோடு, எல்லாவற்றுக்கும் மேலே தேன்கூடு மாதிரி ஆறு மூலைக் கட்டங்கள். சிவப்பில் பன்னிரண்டு அட்டை, நீலத்தில் பன்னிரண்டு அட்டை. அதுதான் படையாம். இரண்டு தாயக்கட்டை, ஒரு இங்கிலீசுப் புத்தகம்.

காலையிலேயே நான் மருமகனிடம் சொல்லியிருந்தேன், "சண்டைச் சாமான சாமித் தட்டுக்குப் பக்கத்துல வைக்காதீங்க தம்பி" என்று. யுத்தம் கண்ட நாட்டில் யுத்தத்தைப் பெட்டியில் போட்டு விற்பார்களா, அதைக் காசு கொடுத்து வாங்குவார்களா என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

என் வீட்டுக்காரர் தோட்ட ஆபிசில் தபால் கொண்டுபோகிறவர். கவர் விலாசம் வாசித்து வாசித்துப் பழகின இங்கிலீசு. விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்துச் சொன்னார். ஒரு அட்டை இரண்டு கட்டம் போகலாம். எதிரி பக்கத்துக் கட்டத்துக்கு வந்தால் ஆளுக்கொரு தாயக்கட்டை உருட்டுவது, கூட விழுந்தவர் ஜெயிப்பது, தோற்ற அட்டை வெளியே போவது. அது விளங்கிவிட்டது. ஒரு இடத்தில் மட்டும் நின்றுவிட்டார்.

"நாலு சுத்துக்கு ஒருக்கா பாக்கணுமாம். ஒவ்வொரு படைக்கும் சப்ளை லைன் இருக்கணுமாம். இல்லாத படை அவுட்டாம்."

"சப்ளைன்னா சாமான் குடுக்கிறது" என்றார் சம்பந்தி.

"அப்ப லைன்?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு லைன் என்றால் வேறு என்ன? லயம்தான். வரிசையாகக் காம்பராக்கள், வேலை விட்டுப் போய் அடுப்பு மூட்டுகிற இடம்.

"நாலு சுத்துன்னா ஒரு நாள் வேல" என்றேன் நான். "அந்திக்கு லயத்துக்கு வந்து சாப்பிடணும்னு சொல்றாங்க. சாப்பிடாத ஆளு மறுநாள் எப்படிச் சண்ட போடுவான்? அவுட்டுதானே."

அது எவ்வளவு நியாயமாக இருந்தது என்றால், யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பெட்டியில் லயம் இல்லை. "லயத்த மட்டும் யாரோ தொலைச்சிட்டாங்க, பழைய பெட்டிதானே" என்றார் என் வீட்டுக்காரர். குசினியிலிருந்து இரண்டு தீப்பெட்டி எடுத்துக் கொடுத்தேன். ஆளுக்கொரு லயம். படத்தின் அந்தக் கரையில் ஒன்று, இந்தக் கரையில் ஒன்று.

முதல் ஆட்டம் அவர்கள் இரண்டு பேரும். நான் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே எட்டிப் பார்த்தேன். சம்பந்தி தன் நீல அட்டைகளை எல்லாம் ஒரே கட்டத்தில் அடுக்கினார்.

"ஒரு கட்டத்துல மூணுதான் வைக்கலாம் சம்மந்தி. புத்தகத்துல இருக்கு."

"மூணா? நாப்பது சீட்டுல நூறு பேர ஏத்தினவன் நான்."

"புத்தகத்துல..."

"அந்தப் புத்தகத்த எழுதினவன் ஹட்டன் பஸ்ஸுல ஒரு நாள் வந்திருக்க மாட்டான்."

பேரம் பேசி ஆறுக்கு ஒத்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் தன் படையைத் தபால் கொண்டுபோகிற மாதிரி ரோட்டிலேயே ஒற்றை வரிசையில் நடத்தினார். நெரிசல் பஸ் மாதிரி வந்த சம்பந்தியின் படை அந்த அட்டைகளை ஒவ்வொன்றாக மோதி வெளியே இறக்கியது. கால் மணி நேரத்தில் முடிந்துபோனது.

எனக்கு அடக்க முடியவில்லை. "ஏங்க, ரோட்ட விட்டா வேற வழியே இல்லியா? மலையில குறுக்கால ஏற வேண்டியதுதானே" என்றேன்.

"குசினியில இருந்து ரூல்ஸ் சொல்லக்கூடாது சம்மந்தியம்மா" என்றார் அவர். இரண்டு வருடத்தில் எங்களைப் பார்த்து அந்த முகத்தில் முதல் சிரிப்பு.

"ரூல்ஸ் சொல்லல. ஆளு எங்க நிக்கணும்னு சொல்றேன்."

"அப்ப வந்து நிறுத்திப் பாருங்களேன்."

மாவுக் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் புத்தகத்தோடு நடுவில் உட்கார்ந்து நடுவர் ஆகிவிட்டார். தோற்றவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டும்.

பதினெட்டு வயதில் கொழுந்துக்கூடை மாட்டினவள் நான். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும், விடிந்ததும் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் போய் நின்றால், இந்தத் தேயிலை நிரை உனக்கு, அந்த நிரை அவளுக்கு என்று யாராவது சொல்லுவார்கள். சொன்ன நிரையைப் பிடித்து ஏறுவேன். ஒரு நாளாவது நான் ஒருத்தரை நிரையில் விட்டதில்லை. இப்போது பன்னிரண்டு சிவப்பு அட்டை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. முருகா, அதில் வந்த குஷியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எங்கள் கேங்கில் இருக்கிற பெண்களை எல்லாம் அந்த அட்டைகளில் பார்த்துவிட்டேன். வேகமாகப் பறிக்கிறவளை மலையின் தொங்கல் முனைக்கு அனுப்பினேன். சண்டைக்காரி, நீ முன்னால போ என்று வாய்விட்டுச் சொல்லி ஒருத்தியை எதிரிக்கு முன்னால் விட்டேன். வெற்றிலை போட அடிக்கடி மறைகிறவளை ஆற்றோரம் மறைத்து வைத்தேன். ஒரு கட்டத்துக்கு ஒரு ஆள், மலை முழுக்கப் பரத்தி, நிரை பிடித்து ஏற்றினேன்.

"இதென்ன சண்டையா, கொழுந்து எடுக்கிறீங்களா?" என்று கேட்டார் சம்பந்தி.

"உங்க கண்ணுக்கு அப்படித்தான் தெரியும் கண்டாக்கையா."

தோட்டத்தில் மலை பார்க்கிற உத்தியோகத்தருக்குத்தான் கண்டாக்கு என்று பெயர். பஸ் கண்டக்டருக்கு அந்தப் பதவியை நான் கொடுத்ததும் என் வீட்டுக்காரர் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்.

"இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று சிங்களத்தில் சொல்லிச் சொல்லித் தன் அட்டைகளை முன்னுக்குத் தள்ளினார் சம்பந்தி. பஸ்ஸில் ஆட்களை உள்ளே தள்ளின அதே குரல். நான் கட்டையை உருட்டினேன். ஆறு. அவருக்கு இரண்டு. "எறங்குங்க" என்று நீல அட்டையைத் தூக்கி வெளியே வைத்தேன். மலையில் காலில் ஏறி இரத்தம் குடிக்கிற அட்டையைக்கூடக் கொல்லாமல் தட்டிவிடுகிறவள் நான். எனக்குள்ளே இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று எனக்கே தெரியாது.

கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடு சாமித் தட்டைப் பார்த்தேன். முருகன் படத்தில் கையில் வேலோடு நின்றார். அவரும் யுத்தத்துக்குப் போனவர்தானே. சூரசம்ஹாரம் அன்று தோட்டமே கோயிலடியில் கூடும். சூரன் தலையைத் தூக்கிக்கொண்டு ஆடுகிறவர் எங்கள் தோட்டத்திலேயே பரம சாது. அன்று மட்டும் அவரைப் பார்த்து நாங்கள் எல்லாரும் அலறிக்கொண்டு ஓடுவோம். யார் ஜெயிப்பார் என்று தெரியும். ஆனாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். உண்மையான பயம் என்றால் அதில் ருசி இல்லை. இந்தப் பயத்தில் மட்டும் ஏனோ தேன் தடவியிருக்கிறது.

சம்பந்திக்கும் ஏதோ ஆகியிருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டார். நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் எனக்கு எதிரே சப்பணம் போட்டார். ஒரு அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"சண்ட காலத்துல செக்பாயிண்டுல பஸ்ஸ நிப்பாட்டி எல்லாரையும் எறக்குவாங்க. ஐடென்டி கார்ட கையில புடிச்சுக்கிட்டு, அவங்க சொன்ன எடத்துல நிப்போம். எத்தன வருஷம். இப்ப பாருங்க, நான் சொன்ன எடத்துல இவனுங்க நிக்கிறானுங்க."

அவர் அட்டையை வைத்துக் கட்டையை உருட்டினார். விழுந்தது ஒன்று. "இவனும் எறங்கிட்டான்" என்று அவரே சிரித்துவிட்டார்.

மூன்றாவது சுற்றில் என் நிரை அவர் படையை முழுக்கச் சுற்றிவிட்டது. வெற்றிலைக்காரி ஆற்றோரமாகப் போய் அவருடைய தீப்பெட்டிக்குள் ஏறிவிட்டாள். லயம் என் கையில். இன்னும் ஒரு சுற்றுத்தான், பிறகு அந்தி. அவர் ஆட்களுக்குச் சாப்பாடு இல்லை.

"என்ன சம்மந்தி, ஆளுங்க எல்லாம் அவுட்டா? இல்லாட்டி எங்க லயத்துல வந்து சாப்பிடுறாங்களா?" என்று கேட்டேன். விளையாட்டு மும்முரத்தில்தான் கேட்டேன்.

"பட்டினி கெடந்தாலும் கெடப்பாங்க. உங்க லயத்துல கை நனைக்க மாட்டாங்க."

சொன்ன பிறகுதான் எல்லாருக்கும் உறைத்தது. என் வீட்டுக்காரர் அவசரமாகப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பினார். நான் தரையைப் பார்த்தேன். மகளின் முகம் கண்ணில் வந்தது. நானே போய்ப் புண்ணைக் கிளறிவிட்டேனே, இனி காதுகுத்துக்கு இந்த மனுஷன் வாசல் வரைக்கும் வருவாரா என்று நினைத்துக்கொண்டேன்.

சம்பந்தி கட்டையை எடுத்தார். அவர் முன்னுக்குத் தள்ளின தள்ளலில் படையிலிருந்து பிரிந்துபோன ஒரு அட்டை, ஃபுட்போர்டில் தொங்குகிற மாதிரி என் லயத்துப் பக்கத்து ஓரத்தில் கிடந்தது. நாங்கள் எல்லாரும் அதை மறந்தே போயிருந்தோம். அதை எடுத்து இரண்டு கட்டம் நகர்த்தினார். என் லயத்துக்கு முன்னால் நின்றது. காவலுக்கு ஒரே ஒருத்தி. நான் உருட்டினேன், ஐந்து. அவர் கட்டையைக் கையில் வைத்து ஊதினார், உருட்டினார். ஆறு.

என் லயம் போய்விட்டது.

இப்போது அவருடைய லயத்தில் என் ஆள். என் லயத்தில் அவர் ஆள். அந்தியும் வந்துவிட்டது. ஒருவருக்கும் சொந்த லயம் இல்லை.

"அப்ப ரெண்டு பக்கமும் எல்லாரும் அவுட்டு. ஆட்டம் முடிஞ்சிருச்சு" என்றார் நடுவர்.

"முடிஞ்சிருச்சா?" சம்பந்தியின் முகம் விழுந்துபோனது. "நல்ல நேரத்துல வந்து முடிஞ்சிருச்சுங்கிறீங்க. நல்லாப் பாருங்க புத்தகத்த."

"பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல."

அவர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தீப்பெட்டியைப் பார்த்தார், அட்டைகளைப் பார்த்தார், தாடையைச் சொறிந்தார். அவர் எதற்குத் தவித்தார் என்று எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் நானும் அதற்குத்தான் தவித்தேன். ஜெயிக்கவேண்டும் என்றில்லை. ஆட்டம் நிற்கக்கூடாது. இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு உருட்டு.

கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"ஒரு காரியம் செய்வோம். எங்க ஆளுங்க உங்க லயத்துல சாப்பிடட்டும். உங்க ஆளுங்க எங்க லயத்துல சாப்பிடட்டும். விடிஞ்சதும் பெரட்டுக்குப் போய்ட்டு மறுபடி சண்ட போடுவோம்."

"நடுவர் என்ன சொல்றீங்க?" என்றேன்.

"சரிதான். தீர்ப்புச் சொல்லியாச்சு" என்றார் என் வீட்டுக்காரர், புத்தகத்தைப் பார்க்காமலே.

நான் எழும்பிக் குசினிக்குப் போனேன். ரொட்டியைச் சுட்டேன். அவசரத்தில் முதல் ரொட்டி கருகிவிட்டது. தேங்காய்ச் சம்பல் இடித்ததை ஒரு கிண்ணத்தில் எடுத்து, ஒரு தட்டை அவர் பக்கத்தில் தரையில் வைத்தேன். சாப்பிடுங்கள் என்று சொல்லவில்லை.

"ஆளுங்க சாப்பிடுறாங்க சம்மந்தி. நீங்க அடுத்த சுத்துக்கு யாரை எங்க வைக்கிறதுன்னு யோசிங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஒரு நீல அட்டையை இடது கையால் நகர்த்தி வைத்துவிட்டு, வலது கையால் ரொட்டியைப் பிய்த்தார். சம்பலில் தொட்டு வாயில் போட்டார். மென்றுகொண்டே, "உங்க சண்டைக்காரி அந்த எடத்துல நின்னா எனக்கு ரோடு இல்லியே" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலே தண்ணீரும் வந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் மறைப்பது பெரிய வேலை. என் வீட்டுக்காரர் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது ரொட்டியில் இருக்கும்போது மகளும் மருமகனும் பிள்ளையை மெழுகுசீலையில் சுற்றிக்கொண்டு நனைந்து வந்தார்கள். வாசலில் மகள் அப்படியே நின்றுவிட்டாள். வாயைத் திறக்கப்போனாள். நான் அவருக்குப் பின்னாலிருந்து கண்ணாலேயே கெஞ்சினேன், பேசாதே தாயி, ஒரு வார்த்தை பேசாதே என்று. அவள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு குசினிக்குள் ஓடிவிட்டாள். அங்கே போய்ச் சிரித்தாளா அழுதாளா தெரியாது. சட்டி ஒன்று கீழே விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

மருமகன் படத்தைக் குனிந்து பார்த்தான்.

"அத்த, இதென்ன தீப்பெட்டி?"

"லயம்."

"என்ன லயம்?"

"சப்ளை லயம் தம்பி. புத்தகத்துலயே இருக்கே."

புத்தகத்தை வாங்கிப் பார்த்தவன் சுவரில் சாய்ந்துவிட்டான். சிரித்துச் சிரித்து அவனால் பேச முடியவில்லை. "ஐயோ அத்த, சப்ளை லைன்னா சாமான் வர்ற பாத. படைக்குப் பின்னால இருந்து சாப்பாடு வர்ற வழி. லயம் இல்ல."

மூன்று பேருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. சம்பந்திதான் முதலில் தலையை நிமிர்த்தினார்.

"அது கொழும்பு ரூல்ஸ். நீ போய்த் தலையத் தொவட்டு" என்று மகனிடம் சொன்னார். "சம்மந்தியம்மா, உங்க சுத்து."

நாலு மணி பஸ் வந்தது, போனது. ஹாரன் சத்தம் கேட்டும் அவர் எழும்பவில்லை. மூன்றாவது ரொட்டியை முடித்து, கிண்ணத்தை வழித்து, விரலைச் சூப்பிவிட்டு என்னைப் பார்த்தார். அந்த முகம் கொஞ்சம் இறுகியது. பழைய சபதம் ஞாபகம் வந்துவிட்டது, இப்போது எழும்பப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க சம்மந்தி."

"சம்பல்ல உப்பு ஒரு கல்லு கூட. காதுகுத்து அன்னைக்குப் பாத்துப் போடுங்க."

"பாத்துப் போடுறேன் சம்மந்தி" என்றேன். கட்டையை உருட்டினேன். என்ன விழுந்தது என்று பார்க்கக் கண் தெளியக் கொஞ்ச நேரம் ஆனது.